ஐந்து வீட்டுக்கு ஒரு அரசாணிக்காய்

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்துப் புலம்பினாள். திருப்பூரில் அருள்புரம் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் தொழிலாளர்களுக்கு உணவுத் திட்டம் போட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கைப்பேசியிலேயே கேட்டு வாங்குகிறார்களாம்.

"எல்லாரும் காலைல ராகிக் கூழு, மத்தியானம் கம்பஞ்சோறு, ராத்திரிக்குக் கொள்ளு சூப்புன்னு போடறாங்க மேடம். ஆனா கேட்டுக்கு எதுத்தாப்ல இருக்கிற புரோட்டாக் கடைல உக்கார எடமில்லீங்க. இந்தக் கணக்க வெச்சு நான் என்னதாங்க பண்றது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கோபித்துக்கொண்டாள். காரணத்தைச் சொல்கிறேன் என்று சமாதானப்படுத்தினேன். சொல்லத் தொடங்கினால் போனில் முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன். எண்பதை நெருங்குகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அறுபதுகளின் கடைசியில் நான் மாணவியாக இருந்தபோது இதே திருப்பூரில் இதே கேள்வியைக் கேட்டேன். அன்றைக்குக் கம்பும் ராகியும் தின்றவர்கள் அத்தனை பேரும் நெல்லுச்சோறும் நெய்யும் என்று சாதித்தார்கள். பொய் அப்படியே இருக்கிறது, பதார்த்தம்தான் மாறியிருக்கிறது. அந்தப் பொய்யில் என் பட்டம் போகப் பார்த்தது.

எங்கள் ஊர் சேவூருக்குப் பக்கம். தோட்டம், கிணறு, மாடு கன்று உள்ள குடும்பம். கோயமுத்தூரில் பெண்கள் கல்லூரியில் மனையியல் பட்டம் முடித்ததும், ஊட்டச்சத்தில் மேற்படிப்பு என்று அடம்பிடித்தேன். "சோறாக்கறதுக்கு ஒரு காலேஜி, அதத் திங்கறதுக்கு இன்னொரு காலேஜா?" என்று கேட்டார் அப்பா. ஒருமுறை விடுதிக்கு வந்தவரைப் பரிசோதனைச் சாலைக்கு அழைத்துப் போனேன். கூண்டில் இருந்த வெள்ளெலிகளுக்கு நாங்கள் பால்பவுடரைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, வாயே திறக்காமல் பேருந்து ஏறினார். ஊருக்குப் போய், "காட்டுல எலியப் புடிக்க ஆளு வெக்கறோம். அங்க என்ற புள்ள எலிக்குப் பாலு ஊத்திப் படிக்குது" என்று சந்தையில் நாலு பேரிடம் சொன்னாராம்.

இருந்தாலும் படிக்க விட்டார். ஒரே நிபந்தனை. இரண்டு வருடம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. முடித்தாலும் சரி, முடிக்காவிட்டாலும் சரி, வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சேவூரிலேயே பெரிய மீசை வைத்த மாப்பிள்ளை ஒருவரையும் பார்த்து வைத்திருந்தார். பட்டம் வாங்கிவிட்டால் வேலைக்குப் போகிறேன் என்று வாதாடலாம். வாங்காவிட்டால் வாதாட என்ன இருக்கிறது?

முதல் ஒன்றரை வருடத்தில் சொல்ல ஒன்றுமில்லை. எலி, புத்தகம், தேர்வு, மறுபடியும் எலி. மீதி இருந்தது ஆய்வேடு. அதற்கு வழிகாட்டி எங்கள் பேராசிரியை, மிஸ் சாரதாம்பாள்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைக்காரர், ஒல்லி, எப்போதும் கைத்தறிப் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. எந்தப் பொருளின் எடையைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "தோலோடயா, தோல் இல்லாமலா?" வாழைப்பழம் தின்றால் முதலில் பழத்தை நிறுப்பார், தின்ற பிறகு தோலை நிறுப்பார், கழித்துக் குறித்துக்கொள்வார். வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளை நல்ல உடம்பு, எழுபது கிலோ என்று அவள் வெட்கத்தோடு சொன்னாள். மிஸ் தலை நிமிராமல், "செருப்போடயா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

பனியன் தொழிலாளர் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்பது என் தலைப்பு. வாய்ச்சொல்லை நம்பக் கூடாது, நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த முறையை மிஸ் எனக்கு நாலு முறை ஒப்பிக்க வைத்தார். அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டும். அன்றைக்குச் சமைக்க எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும். காயின் தோல், காம்பு, விதையை நிறுத்துக் கழிக்க வேண்டும். சமைக்கும்போது அடுப்படியில் நிற்க வேண்டும். வெறும் பாத்திரத்தை முன்னமே நிறுத்து வைத்துக்கொண்டு, சமைத்ததைப் பாத்திரத்தோடு நிறுக்க வேண்டும். யார் எத்தனை கரண்டி சாப்பிட்டார்கள், தட்டில் என்ன மிஞ்சியது, நாய்க்கு என்ன போட்டார்கள், எல்லாம் எழுத வேண்டும். ஒரு வீட்டுக்கு மூன்று நாள். ஐந்து வீடு.

இரண்டு தட்டுத் தராசையும் எடைக்கல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு திருப்பூர் பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, புதுசா மளிகைக் கடைங்களா?" என்று கேட்டார். திருப்பூரில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டேன். நடக்கிற தூரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. ஒட்டினாற்போல ஐந்து வீடு, பொதுவாக ஒரு குழாய். சின்னம்மாவுக்குத் தெரிந்தவர்கள் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

நாலாவது வீட்டுப் பழனாத்தாள்தான் அந்த லைனுக்குத் தலைவி. கம்பெனியில் பனியனை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. கணவர் சலவைப் பட்டறையில் இருந்தார். மாமியார், மூன்று பெண் குழந்தைகள், மொத்தம் ஆறு பேர். பழனாத்தாளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். குச்சி போல இருப்பார், குரல் மட்டும் கம்பெனிச் சங்குக்குப் போட்டியாக ஒலிக்கும். முதல் நாள் நான் படிவத்தை விளக்கினேன். ஆண் ஒரு ஆள் என்றால் பெண்ணை அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்றேன்.

"அப்ப நான் முழு ஆளு இல்லீங்களா?" என்றார் பழனாத்தாள்.

"கணக்குக்குத்தானுங்க அக்கா."

"பொழுதோட வரைக்கும் நின்னுக்கிட்டே மடிக்கறனுங்க. எந்தக் காலக் கொறைக்கறீங்கன்னு சொல்லுங்க, அத ஊட்லயே வெச்சுட்டுப் போறேன்."

நான் படிவத்தை மடித்து வைத்துவிட்டுத் தராசை எடுத்தேன்.

வேலை சுமுகமாக நடந்தது. சந்தேகப்படும்படி சுமுகமாக நடந்தது என்று இப்போது சொல்வேன். விடியும் முன்னால் போவேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். முறத்தில் பச்சரிசி, தாம்பாளத்தில் துவரம்பருப்பு, கிண்ணத்தில் நெய், பக்கத்தில் மஞ்சளாக ஒரு அரசாணிக்காய், எங்கள் பக்கத்துப் பூசணி. நான் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதியதும், "பொகைல நிக்காதீங்க அம்மிணி, கண்ணு என்னத்துக்காகறது. வெளிய உக்காருங்க" என்று பலகை போட்டு, டம்ளர் நிறையக் காபி கொடுப்பார்கள். காபி பிரமாதமாக இருக்கும். நான் உட்கார்ந்து குடிப்பேன். சமைத்ததை நிறுக்கலாம் என்று எழுந்தால், "சங்கு ஊதிப்போச்சுங்க, சோத்தத் தூக்குப்போசில கட்டிக் குடுத்துட்டனுங்க" என்பார்கள். வந்த வீட்டில் முகத்தை முறித்துப் பேச என்னால் முடியவில்லை. சமைத்த எடைக்கான கட்டங்களைச் சின்னம்மா வீட்டில் உட்கார்ந்து குத்துமதிப்பாக நிரப்பினேன். இது தப்பு என்று அப்போதே தெரியும். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் முடிந்து, தாள்களோடு மிஸ்ஸிடம் போனேன். அவர் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் ஆனது.

"இந்தக் கணக்குப்படி அந்தப் பழனாத்தாள் குஸ்திக்குப் போகணும். பனியன் மடிக்கிறதா சொல்றியே?" என்றார்.

மிஸ் ஐந்து வீட்டுத் தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியைப் பென்சிலால் சுழித்தார். முதல் வீட்டில் அரசாணிக்காய் ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம். இரண்டாவது வீட்டில் இரண்டு கிராம் குறைவு. மூன்றாவதில் இன்னும் மூன்று. நாலாவதில் இன்னும் ஐந்து. ஐந்தாவது வீட்டில் ஆயிரத்து அறுநூற்று இருபத்தாறு.

"நீ எடை போடறதுல கெட்டிக்காரி, அதை ஒத்துக்கறேன்," என்றார். "ஒரு பூசணிக்காய் பதினஞ்சு நாள்ல எவ்வளவு வத்தும்னு துல்லியமா கண்டுபிடிச்சிருக்கே. இதுக்குப் பட்டம் வேணும்னா தாவரவியல் துறைக்குப் போ."

ஒரே காய்! என் கண்முன்னால் நிறுக்க விட்டு, முதுகுக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நெய்க் கிண்ணமும் அப்படித்தான் போயிருக்கிறது. பருப்புக்கும் கால் முளைத்திருக்கிறது.

"சமைக்கும்போது அடுப்படியில நின்னியா?"

"காபி குடிச்சிட்டிருந்தேன் மிஸ்."

"எத்தனை மில்லி?" என்று கேட்டார். அதுவும் கிண்டல் இல்லை. பிறகு தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தார். ஆய்வேடு கொடுக்க இன்னும் நாலு வாரம் இருந்தது. உண்மையான எடையோடு வந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் என்றார். எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சேவூர் மாப்பிள்ளையின் மீசை கண்முன் வந்து போனது.

மறுநாள் சாயங்காலம் தராசோடு பழனாத்தாள் வீட்டு வாசலில் நின்றேன். ஐந்து வீட்டுப் பெண்களும் குழாயடியில் இருந்தார்கள்.

"அக்கா, அன்னைக்கு நிறுத்த அரசாணிக்காய் என்னாச்சுங்க?"

"அத அன்னைக்கே பொரியல் பண்ணித் தின்னாச்சுங்களே அம்மிணி."

அவர் தலைக்கு மேலே, கதவு வழியாகத் தெரிந்த அட்டாலிப் பரணில், அது சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"அப்ப அது என்னங்க?"

பழனாத்தாள் திரும்பிப் பார்த்தார். "அது வேற காயுங்க."

"நிறுத்துப் பாக்கட்டுங்களா?"

நானே போய் எடுத்து வந்து தட்டில் வைத்தேன். ஆயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு. மூன்றாவது வீட்டு மாராத்தாள்தான் முதலில் சிரித்தார். பழனாத்தாள் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், நடுவாசலில், எடைக்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். பட்டம் போகப் போவதையும், அப்பாவின் நிபந்தனையையும், மீசையையும் சொல்லிச் சொல்லி அழுதேன்.

பழனாத்தாள் முந்தானையை என்னிடம் நீட்டினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க பொஸ்தகம் போடுவீங்க. அதுல பழனாத்தா ஊட்ல கம்பங்களியும் புளித்தண்ணியும்தான்னு எழுதுவீங்க. நாலு பேரு படிப்பாங்க. நாளைக்கு என்ற புள்ளைகள ஆருங்க பொண்ணு கேட்டு வருவாங்க? அதுக்குத்தான் அஞ்சு ஊடும் சேந்து பருப்பும் நெய்யும் காப்பித்தூளும் வாங்குனோம்."

நான் குடித்த காபி அத்தனையும் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கூசிப்போனது.

"சரி, நீங்க சொல்லுங்க," என்றார் பழனாத்தாள். "தோட்டங்காட்டுக்காரங்க ஊட்டுப் புள்ள நீங்க. உங்க ஊட்ல நெசமா என்னங்க திம்பீங்க?"

இதே கேள்வியை மிஸ் முதல் வகுப்பிலேயே எங்களிடம் கேட்டிருந்தார். வீட்டில் நேற்று சாப்பிட்டதை எழுதச் சொன்னார். பக்கத்தில் சென்னைப் பெண்கள் இட்லி, சாம்பார், அப்பளம் என்று எழுதியதை எட்டிப் பார்த்து, நானும் இட்லி, சாம்பார், நெய் என்று எழுதினேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குழாயடியில் சொன்னேன். எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு அமாவாசைக்கும் விருந்தாளி வந்தாலும்தான். மற்ற நாளெல்லாம் சோளச்சோறு, கொள்ளுப் பருப்பு, மோர். காலையில் கம்பங்கூழ்.

"நெய்யி?" என்றார் மாராத்தாள்.

"சந்தைக்குப் போயிருமுங்க."

ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். அதன் பிறகு பேச்சுவார்த்தை சுலபமாக முடிந்தது. மூன்று நிபந்தனை போட்டார்கள். புத்தகத்தில் யார் பெயரும் வரக் கூடாது. அச்சானதும் அவர்களிடம் கொண்டு வந்து படித்துக் காட்ட வேண்டும். தினமும் அவர்கள் வீட்டுச் சோற்றை நிறுக்கும் முன், சின்னம்மா வீட்டிலிருந்து நான் கொண்டு வரும் தூக்குப்போசியை அவர்கள் முன்னால் நான் நிறுத்துக் காட்ட வேண்டும். நானும் ஒன்று போட்டேன். காபி கிடையாது, அடுப்படியைவிட்டு நகர மாட்டேன்.

இரண்டாவது பதினைந்து நாள், முதல் பதினைந்து நாள் மாதிரி இல்லை. கோலம் இல்லை, பலகை இல்லை. "தள்ளி நில்லு அம்மிணி, சீலைல நெருப்புப் பட்டுத் தொலைக்கப் போவுது" என்று அதட்டல்தான். புகையில் கண் எரிந்து மூக்கு ஒழுகியது. எனது தூக்குப்போசியைத் திறந்து, "இன்னைக்கும் கத்திரிக்காயா? உங்க சின்னம்மாளுக்கு வேற காயே தெரியாதா?" என்று விசாரணை நடக்கும். என் கத்திரிக்காய் கிராம் கணக்கில் லைன் முழுக்கப் பேசப்பட்டது.

எடை போடுவதுதான் நாளுக்கு நாள் கடினமானது. கம்பு, ரேஷனில் போட்ட சிவப்புச் சோளம், புளி, மிளகாய், உப்பு. வாரத்தில் ஒருநாள் பருப்பு. ஒரு வேளைக்கு ஊற்றும் சொட்டு எண்ணெயை நிறுக்கப் பார்த்தால் தராசு அசையவே இல்லை. கடைசியில் எண்ணெய்ப் புட்டியை முதல் நாள் நிறுத்து, மூன்றாம் நாள் நிறுத்து, கழித்து எழுதினேன். பழனாத்தாள் வீட்டில் கணவருக்கும் மாமியாருக்கும் குழந்தைகளுக்கும் போட்ட பிறகு மீந்ததை அவர் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கம்பெனிக்கு ஓடும் அவசரத்தில் நின்றபடியே குடிப்பார். என் படிவத்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு என்று தனிக் கட்டம் கிடையாது. நான் ஒரு கோடு போட்டு உண்டாக்கிக்கொண்டேன். முதல் நாள் அந்தக் கட்டத்தில் எழுதிய எண்ணைச் சரிபார்க்கத் திரும்ப நிறுக்கலாமா என்று கேட்டேன். "நிறுத்துக்கிட்டே இருந்தா நான் எப்பக் குடிக்கறது?" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

மிஸ் இந்த முறை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். தோலோடயா என்று கேட்கவில்லை. நாலாவது வீட்டுத் தாளில் நான் போட்ட கோட்டுக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டார். ஒருமுறை கணக்கைப் போட்டார். மறுபடியும் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார். "இது தப்பா இருந்தா நல்லா இருந்திருக்கும்."

இரண்டு வருடத்தில் அந்த அம்மாள் எடை சம்பந்தமில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். உடனே கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் மை சிந்தியிருக்கிறது என்று திட்டவும் செய்தார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இந்தப் பெண்கள் உண்மையைத்தான் காட்டினார்கள் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய் என்று கேட்டார். என்னைத் திட்டினார்கள் சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மிஸ்ஸுக்குப் புரிந்தது. தேறிவிட்டேன். அப்பா பட்டச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் யாரும் தெரியாமல் நெய் ஊற்றிக்கொள்ள முடியாது என்று அம்மாவை எச்சரித்தார். சேவூர்க்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். மீசையோடு சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

சொன்னபடி, பைண்டு செய்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக்குப் போனேன். ஐந்து பெண்களும் வாசலில் உட்கார்ந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முதல் வீடு, இரண்டாவது வீடு என்று போய், நாலாவது வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஆறு பேர். இவ்வளவு கம்பு, இவ்வளவு சோளம், இவ்வளவு எண்ணெய். கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்குக் கிடைத்தது இவ்வளவு.

"அந்த நாலாம் நம்பரு நான்தானுங்களே?" என்றார் பழனாத்தாள்.

"ஆமாங்க அக்கா. நீங்க சொன்ன மாதிரியே பேரு எங்கயும் வரலீங்க."

அவர், நான் படித்த வரியை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"பேரப் போட்டுருங்க."

"நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க?"

"பேரு கெட்டுப்போகும்னு நெனச்சனுங்க. இப்ப நீங்க படிக்கறதக் கேட்டா வேற மாதிரி இருக்குது. இத்தினியூண்ட வெச்சுக்கிட்டு ஆறு பேருக்கு மூணு நேரமும் ஆக்கிப் போட்டிருக்கறேன். அத நாலாம் நம்பரா செஞ்சுது? நான் செஞ்சேன்."

கல்லூரிக்குக் கொடுத்த பிரதியை இனித் தொட முடியாது, என் பிரதியில் வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். அது போதும் என்றார். பேனாவை எடுத்து, அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில் பழனாத்தாள் என்று எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். மற்ற நாலு பேரும் எழுந்து பின்னால் வரிசையில் நின்றார்கள். மாராத்தாளின் பெயர் கொஞ்சம் சின்னதாக விழுந்துவிட்டது. அவர் ஒத்துக்கொள்ளாமல் என்னை இரண்டாம் முறை பெரிதாக எழுத வைத்தார்.